மணி பார்த்த பெண்

எனக்கு வலிப்பு வருவதை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. வீட்டில் பார்த்திருக்கிறார்கள், தெருவில் பார்த்திருக்கிறார்கள், என்னோடு படித்த நாற்பத்தாறு பெண்களும் பார்த்திருக்கிறார்கள். எனக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. நின்றுகொண்டிருப்பேன். அடுத்துக் கண்ணைத் திறந்தால் தரையில் கிடப்பேன், சுற்றி முகங்கள் இருக்கும், கடிபட்ட நாக்கு எரியும். நடுவில் என்ன நடந்தது என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே இங்கே முக்கியமான இடங்களெல்லாம் நான் கேட்டு எழுதுபவை. சொன்னவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் கும்மிடிப்பூண்டியில் குடியிருந்தோம். அப்பா சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டுகிற மில் ஒன்றில் ஃபிட்டர். ஆந்திரா எல்லை கூப்பிடு தூரம் என்பதால் எங்கள் வீட்டில் அப்பா என்றால் நைனா. நான் ஏழாவது படிக்கும்போது முதல் தடவை வலிப்பு வந்தது. அம்மா போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து, இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை உருவி என் கையில் திணித்திருக்கிறாள். வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கொஞ்ச நேரத்தில் வலிப்பு நின்றது. அது நிற்க வேண்டிய நேரத்தில் தானாக நின்றது. பேர் என்னவோ சாவிக்குப் போய்விட்டது.

நைனா அதோடு விடவில்லை. மில்லில் துண்டாக விழுந்த கம்பி ஒன்றை எடுத்து, அரத்தால் ராவி, இரண்டு முனையையும் உருட்டி, எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொண்டுவந்தார். என் உள்ளங்கைக்குச் சரியாக இருந்தது.

"இத்த எப்பவும் பையில வச்சிக்கோ கண்ணு. எங்க வந்தாலும் கையில குடுக்கச் சொல்லு."

இரண்டு வருஷம் அதைப் புத்தகப் பையில் சுமந்தேன். ஒரு காசுக்குப் பிரயோஜனம் இல்லாத இரும்பு. ஆனாலும் அதைச் செய்த மனுஷன்மேல் எனக்கு இன்றுவரை கோபம் வந்ததில்லை. ஷிஃப்ட் முடிந்து களைத்த கையால் மகளுக்கென்று ராவியிருக்கிறார். பாசத்துக்குக் குறைவில்லை, விஷயம்தான் தெரியவில்லை.

அம்மாவின் வழி வேறு. ஒரு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார், தினமும் தவறாமல் போடச் சொன்னார். அம்மா பெரியபாளையத்தம்மனுக்கும் வேண்டிக்கொண்டாள். மாத்திரை போட்டு மூன்று மாதம் ஒன்றும் வராவிட்டால், "அதான் நின்னுடுச்சே, இன்னும் எதுக்கு உடம்பச் சூடாக்கிக்கினு" என்று நிறுத்திவிடுவாள். மறுபடி வரும். மறுபடி மாத்திரை. அம்மன்மேல் பழி வராமல் அம்மா பார்த்துக்கொண்டாள், மாத்திரையைத்தான் திட்டினாள். எல்லாவற்றையும்விட அம்மாவுக்குப் பெரிய வேலை, இதை மறைப்பது. தெருவில் யார் கேட்டாலும் ஒரே பதில்: "பித்த மயக்கம்." வலிப்பு என்ற வார்த்தை எங்கள் வீட்டில் யார் வாயிலும் வராது. நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டிய பெண், வெளியே தெரிந்தால் யார் கட்டுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். அதில் பாதி உண்மை.

ஒன்பதாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்திலேயே வந்தது. ஆண்டு விழாவுக்காக நாங்கள் எல்லோரும் வரிசையாக நின்று டிரில் பழகிக்கொண்டிருந்தோம். நல்ல வெயில், நான் காலையில் நாஷ்டாவும் சாப்பிடவில்லை. "ஒன், டூ" வரைக்கும் ஞாபகம் இருக்கிறது, "த்ரீ" இல்லை. டிரில் நடத்தியது பி.டி. மிஸ். அந்த வருஷம்தான் தற்காலிக வேலையில் சேர்ந்திருந்தார், வயது இருபத்து மூன்றோ நான்கோ இருக்கும். திருப்பாச்சூரில் வீடு. பெரியபாளையம் வந்து பஸ் மாறி, வியர்வையோடு வந்து சேர்வார். நான் விழுந்ததும் அவர் பதறிப்போய் ஸ்போர்ட்ஸ் ரூம் சாவிக்கொத்தை என் கையில் வைத்து அழுத்தியிருக்கிறார். யாரோ, "நாக்க கடிச்சிக்கப் போறா மிஸ்!" என்று கத்த, ஒருத்தியின் டிபன் டப்பாவிலிருந்து ஸ்பூனை எடுத்துப் பல்லுக்கு நடுவில் நெம்பியிருக்கிறார். என் முன்பல் ஒன்று மூலையில் உடைந்தது. இப்போதும் நான் சிரித்தால் அது தெரியும்.

பி.டி. மிஸ்தான் என்னை ஆட்டோவில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்த டாக்டர் என் வாயைப் பார்த்துவிட்டு, அத்தனை நோயாளிகளுக்கு நடுவில் அவரைப் பிடித்துக்கொண்டார். "ஸ்பூன் வச்சது யாரு? நீங்களா? பி.டி. டீச்சர்னு வேற சொல்றீங்க, இதுகூடத் தெரியாதா? பல்லுத் துண்டு உள்ள போயிருந்தா புள்ள மூச்சு அடைச்சிருக்கும்." அந்தப் பேச்சு எனக்கு அரைத் தூக்கத்தில் காதில் விழுந்தது. மிஸ் அழுதுவிடுவார் என்று நினைத்தேன். அவர் கைப்பையைத் துழாவிப் பேனாவை எடுத்தார்.

"அப்ப இன்னா பண்ணணும்னு சொல்லுங்க சார். எழுதிக்கிறேன்."

டாக்டர் அடுத்த நோயாளியை உட்காரச் சொல்லிவிட்டு அவர் பக்கம் திரும்பினார். பிறகு நிதானமாகச் சொன்னார். மிஸ் ஓ.பி. சீட்டின் பின்பக்கம் முழுக்க எழுதிக்கொண்டார்.

சனிக்கிழமை தலைமை ஆசிரியை அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் கெட்டவர் இல்லை, பயந்துவிட்டார். "நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான்தாம்மா பதில் சொல்லணும். இன்னொரு தடவ ஸ்கூல்ல வந்துச்சுன்னா டி.சி. வாங்கிக்குங்க, ஊட்ல வச்சே படிக்க வைங்க" என்றார். அம்மாவுக்கு அதுவே போதும். வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திய பிறகு சொன்னாள்: "அவங்க இன்னா டி.சி. குடுக்கறது. இன்னொரு தடவ நாலு பேர் எதிர்ல வந்துச்சுன்னா நானே நிறுத்திடுவேன். அதோட படிப்பு போதும்."

அன்றிலிருந்து என் படிப்பு அந்த இன்னொரு தடவையை நம்பித் தொங்கியது. எனக்குப் படிப்பு பெரிதாக வரும் என்று சொல்ல முடியாது. கணக்கு சுத்தமாக வராது. ஆனால் பள்ளிக்கூடம் போகாமல் கதவு சாத்திய வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது.

திங்கட்கிழமை பி.டி. பீரியட். வழக்கமாக அந்தப் பீரியடைக் கணக்கு மிஸ் வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார், தமிழ்நாட்டில் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கும் இது புதிதில்லை. அன்றைக்கும் வந்தார். "இன்னிக்குத் தர மாட்டேன் மிஸ்" என்றார் பி.டி. மிஸ். எங்களுக்கு அதுவே பெரிய அதிசயம். அடுத்தது அதைவிடப் பெரிது. கரும்பலகைக்கு முன்னால் நின்று சொன்னார்:

"வெள்ளிக்கிழமை நான் பண்ணது தப்பு. சாவி குடுத்தது தப்பு. வாயில ஸ்பூன் வச்சது அதவிடப் பெரிய தப்பு. இவ பல்லு உடைஞ்சது என்னாலதான். யாரும் இனிமே அப்படிப் பண்ணாதீங்க."

தான் செய்தது தப்பு என்று மாணவிகள் எதிரில் ஒரு டீச்சர் சொன்னதை நான் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை. எனக்கு அன்றைக்கு அழுகைதான் வந்தது. உடைந்த பல்லுக்காக அவர்மேல் இரண்டு நாளாக வைத்திருந்த கோபம் அந்த நிமிஷமே போய்விட்டது.

பிறகு ஓ.பி. சீட்டைப் பார்த்துப் பார்த்து எழுதிப்போட்டார். கையில் எதுவும் கொடுக்கக் கூடாது. வாயில் எதுவும் வைக்கக் கூடாது, தண்ணீர்கூட. உதறுகிற கைகாலை அழுத்திப் பிடிக்கக் கூடாது. பக்கத்தில் இருக்கிற பெஞ்சு, கல் எல்லாவற்றையும் நகர்த்த வேண்டும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் துணி மடித்து வைக்க வேண்டும். கூட்டம் கூடாமல் காற்று விட வேண்டும். கடைசியாக, மணி பார்க்க வேண்டும். ஐந்து நிமிஷத்துக்குள் நின்றால் பயமில்லை. தாண்டினால் உடனே ஆஸ்பத்திரி.

"யாராவது ஒருத்தர் வந்து நடிங்க" என்றார். வகுப்பில் ஒரு வாயாடி இருந்தாள், கோ-கோவில் யாரும் பிடிக்க முடியாதவள். அவள் குழாயடிக்கு ஓடிப்போய் வாயில் சோப்பு நுரையை வைத்துக்கொண்டு வந்து, தொப்பென்று விழுந்து, கையையும் காலையும் போட்டு அடித்தாள். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எனக்கு வருவது இப்படித்தான் இருக்கும் என்று முதல் தடவையாகப் பார்த்தேன். அம்மா எதை ஊருக்கு மறைக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் நுரையோடு ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "இப்டியா, இல்ல இன்னும் வேகமாவா?" என்று கேட்டாள். "எனக்கு இன்னாடி தெரியும், உங்களத்தான் கேக்கணும்" என்றேன். அதற்கப்புறம் நானும் சிரித்துவிட்டேன். அப்படிச் சிரிக்க வைத்ததற்கு அவளுக்கு நான் கோயில் கட்டலாம்.

மிஸ் வேலையைப் பிரித்துக் கொடுத்தார். வாயாடிக்கு ஒருக்களித்துப் படுக்க வைக்கிற வேலை. பின் பெஞ்சு உயரமான பெண்ணுக்குக் கூட்டத்தை விலக்கி இடத்தைச் சுத்தம் செய்கிற வேலை. மணி பார்க்கிற வேலை, கையில் வாட்ச் கட்டியிருந்த மூன்று பேரில் முதல் மார்க் வாங்குகிறவளுக்குப் போனது.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழவேற்காட்டு முஸ்லிம்கள், அப்பாவை அத்தா என்பார்கள். அவளுடைய அத்தா எங்கள் பஜாரில் ரெடிமேட் துணிக்கடை வைத்து ஜனங்களோடு ஜனமாகக் கலந்துபோனவர். இவள் மட்டும் யாரோடும் கலக்க மாட்டாள். கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கிவிட்டு இரண்டு மார்க்குக்காக மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வாள். எனக்கும் அவளுக்கும் ஆகாது. மணி பார்க்கிற வேலையையும் இன்னொரு பரீட்சையாகத்தான் எடுத்துக்கொண்டாள். தினமும் பிரேயர் முடிந்ததும் என் எதிரில் வந்து நிற்பாள்.

"மாத்திரை போட்டியா?"

"போட்டேன்."

"நேத்து?"

"உனக்கு இன்னாடி வந்துச்சு? பேஜாரா கீது உன்னோட."

"நாஷ்டா?"

வருஷம் முழுக்க இதே தொல்லை. அவள் கேட்பாளே என்று பயந்தே நான் மாத்திரையைத் தவறாமல் போட்டேன். அம்மாவிடமும் சண்டை போட்டு வாங்கிப் போட்டேன். ஒன்றரை வருஷம் எனக்கு எதுவும் வரவில்லை. இரும்புத் துண்டைப் பையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். நைனா பார்த்தார். பி.டி. மிஸ் காக்களூர்ப் பக்கம் வேறு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். போகும்போது அந்த ஓ.பி. சீட்டை வகுப்பறைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார்.

இனிமேல் எழுதுவதில் தப்பு முழுக்க என்னுடையது. பத்தாவது பொதுப்பரீட்சை. கணக்குப் பரீட்சைக்கு நான்கு நாள் லீவு. மாத்திரை போட்டால் எனக்குக் கண் சொக்கும், படித்தது மண்டையில் ஏறாது. பாஸ் ஆகாவிட்டால் அம்மா அதையே சாக்காக வைத்து நிறுத்திவிடுவாள் என்று எனக்குத் தெரியும். இரண்டு நாள் மட்டும் மாத்திரையை நிறுத்திப் பார்ப்போம், முழித்திருந்து படித்துவிடலாம் என்று முடிவு செய்தேன். அம்மா கொடுத்த மாத்திரையை வாயில் போடுவதுபோல் போட்டுக் கொல்லையில் துப்பினேன். அம்மா மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்த அதே தப்பு. லீவு என்பதால் பிரேயரும் இல்லை, எதிரில் வந்து கேட்கவும் ஆளில்லை. பரீட்சை அன்று காலையில் சூத்திரங்களைப் புரட்டிக்கொண்டிருந்ததில் நாஷ்டாவையும் விட்டேன்.

பரீட்சை எங்கள் பள்ளிக்கூடத்தில் இல்லை, பஸ்ஸில் போக வேண்டிய இன்னொரு ஊரில். பெயர் வரிசைப்படி உட்கார வைத்ததில் எங்கள் வகுப்புப் பெண்கள் ஏழெட்டுப் பேர் ஒரே ஹாலில் இருந்தோம். மணி பார்க்கிறவள் எனக்கு இரண்டு பெஞ்சு பின்னால். வாயாடி எனக்குப் பக்கத்து வரிசை, உயரமான பெண் கதவோரம். நான் நாலைந்து ஒரு மார்க் கேள்வி எழுதியது ஞாபகம் இருக்கிறது. மேலே ஓடிய ஃபேன் ஞாபகம் இருக்கிறது. அவ்வளவுதான்.

மற்றது அவர்கள் சொன்னது. பெஞ்சோடு சரிந்து விழுந்தேனாம். ஹாலில் இருந்த சார் வேறு பள்ளிக்கூடத்துக்காரர், எங்களைத் தெரியாது. அவர் ஓடிவந்து பாக்கெட்டிலிருந்து வண்டிச் சாவியை எடுத்திருக்கிறார். அதற்குள் மூன்று பேரும் எழுந்துவிட்டார்கள்.

"சார், சாவி வேணாம் சார்!"

"உக்காருங்க எல்லாரும்! எடத்த உட்டு எழுந்தா பேப்பரப் புடுங்கிடுவேன்!"

பொதுப்பரீட்சை ஹாலில் இடத்தைவிட்டு எழுவது என்றால் என்ன என்று பத்தாவது எழுதிய எல்லோருக்கும் தெரியும். காப்பி அடித்தாள் என்று எழுதிவிட்டால் அந்த வருஷமே போச்சு. முதல் மார்க் வாங்குகிறவள் தன் விடைத்தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இரண்டு கையையும் விரித்துத் தூக்கிக் காட்டியபடி நடந்து வந்திருக்கிறாள்.

"பாருங்க சார், கையில ஒண்ணும் இல்ல. இவளுக்கு இன்னா பண்ணணும்னு எங்களுக்குத் தெரியும். பண்ணிட்டுப் போய் உக்காந்துக்கறோம்."

உயரமான பெண் பெஞ்சை இழுத்துத் தள்ளினாள். வாயாடி என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தன் துப்பட்டாவை மடித்துத் தலைக்கு அடியில் வைத்தாள். மணி பார்க்கிறவள் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சார் சாவியோடு அப்படியே நின்றார். அவர்மேலும் எனக்கு வருத்தமில்லை, அவர் கத்தினாரே தவிர யார் பேப்பரையும் பிடுங்கவில்லை. வலிப்பு நின்ற பிறகும் இவள் எழுந்து போகவில்லையாம். "மூச்சு சரியா வர்ற வரைக்கும் பாக்கணும் சார்" என்று சொல்லி உட்கார்ந்தே இருந்திருக்கிறாள். அந்த மையத்துக்குப் பொறுப்பான அம்மா வந்து ஆட்டோவுக்குச் சொல்லச் சொன்னபோது, "வேணாம் மேடம். மூணு நிமிஷத்துக்குள்ள நின்னுடுச்சு. அர மணி நேரம் தூங்குவா, எழுந்துடுவா" என்றாளாம். அந்த அம்மா என்னை வராந்தாவில் படுக்க வைத்துப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

எழுந்தபோது மணி பதினொன்றரையைத் தாண்டியிருந்தது. தலை பாறையாகக் கனத்தது. "எழுதறியாம்மா, வேணாமா?" என்று அந்த அம்மா கேட்டார். எழுதுகிறேன் என்றேன். வடிவியல் படத்தில் கோடு கோணலாகப் போனது. தெரிந்ததையெல்லாம் எழுதினேன், தெரியாததையும் எழுதினேன். மணி அடித்ததும் வெளியே வந்தேன். மணி பார்த்தவள் தன் கேள்வித்தாளை என் கையில் கொடுத்தாள்.

"டாக்டர்கிட்ட இத்த காட்டு. எத்தினி நிமிஷம்னு கேப்பாங்க. மாத்திரை போடலதானே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நன்றி சொல்லக்கூடத் தோன்றவில்லை. அவள் திட்டாமல் போனதுதான் எனக்கு உறுத்தியது.

அன்றைக்குச் சாயங்காலமே அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "அவ்ளோதான். மிச்சப் பரீட்சையும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றாள். அடுத்தது அறிவியல் பரீட்சை. அன்று காலை எட்டு மணிக்கு எங்கள் வாசலில் மூன்று பேரும் வந்து நின்றார்கள். வாயாடிக்கு மெதுவாகப் பேசவே வராது. "ஆன்ட்டி! மாத்திரை போட்டாளா? நாஷ்டா துன்னாளா? நாங்க கூடவே கூட்டிக்கினு போய் கூட்டிக்கினு வந்துடறோம் ஆன்ட்டி! எங்களுக்குப் பயமே இல்ல!" தெருவில் நாலு கதவு திறந்தது. அந்தச் சத்தத்தை நிறுத்த அம்மாவுக்கு ஒரே வழிதான் இருந்தது, என்னை அனுப்பிவைத்தாள். மிச்சப் பரீட்சைகளையும் இப்படித்தான் எழுதினேன்.

பரீட்சைகள் முடிந்த வாரம் அம்மா என்னைச் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். அங்கே டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, "எவ்வளவு நேரம் வந்துச்சு?" என்பதுதான். அம்மா, "ரொம்ப நேரம்" என்றாள். எல்லா அம்மாவும் அப்படித்தான் சொல்வார்களாம். நான் கேள்வித்தாளை நீட்டினேன். ஐந்து மார்க் கேள்வி ஒன்றின் ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தது: "10.52 ஆரம்பம். 10.54 நின்றது. முதலில் வலது கை. 11.03 மூச்சு சரி."

டாக்டரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "யாரு எழுதினது? நர்ஸா?"

"இல்ல மேடம். கூடப் படிக்கிற பொண்ணு" என்றேன்.

"எந்தக் கை முதல்லன்னுகூட எழுதியிருக்கா. இப்படி யாரும் வந்து சொல்றதில்ல" என்றார். அதை வைத்துக்கொண்டே ஒரு ஸ்கேன் எடுக்கச் சொன்னார், மாத்திரையை மாற்றினார், தூக்கம் வராத மாத்திரை. இத்தனை வருஷமாக நான் போட்டது வேறு வகை வலிப்புக்கானதாம். நான் துப்பிய கதையையும் அம்மா நிறுத்திய கதையையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டு, இரண்டு பேருக்கும் சமமாகத் திட்டு கொடுத்தார்.

திரும்பி வரும்போது ரயிலில் ஜன்னலோரம் அம்மா அந்தக் கேள்வித்தாளை வாங்கி வைத்துக்கொண்டாள். அம்மா ஐந்தாவது வரைதான் படித்தவள். மீஞ்சூர் வரைக்கும் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"எல்லாத்துக்கும் டிக் போட்டுக்கீது. மணி எழுதின கணக்குக்கு மட்டும் ஏன் போடல?"

நான் அதுவரை கவனிக்கவில்லை. எழுதி முடித்த கேள்விகளுக்கெல்லாம் அவள் டிக் போட்டிருந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பதினோரு நிமிஷத்தில் ஒரு ஐந்து மார்க் கணக்கு போயிருந்தது. சொன்னேன். அம்மா கேள்வித்தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். கும்மிடிப்பூண்டி வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அழுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

ரிசல்ட் வந்தது. கணக்கில் எனக்கு நாற்பத்தொன்று. அவளுக்குத் தொண்ணூற்றைந்து. அந்த ஐந்து எங்கே போனது என்று அவளுடைய அத்தா கேட்டதற்கு, "கவனக்குறைவு அத்தா" என்றாளாம். இதை அவள் தங்கை சொல்லித்தான் நான் அறிந்தேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பத்தாவதோடு சரி. பதினொன்றாவதுக்கு வேறு பள்ளிக்கூடத்தில் சேர வேண்டும். அம்மா தானாகவே சேலை மாற்றிக்கொண்டு, "கிளம்பு" என்றாள். அங்கே வராந்தா கொள்ளாத வரிசை, பெண்களும் அவர்களைப் பெற்றவர்களும். எங்கள் தெருக்காரர்களும் இரண்டு பேர் நின்றார்கள். மூன்று பெண்களும் எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தார்கள். எங்கள் முறை வந்தபோது தலைமை ஆசிரியர் என் மார்க்கைப் பார்த்தார்.

"கணக்கு நாப்பத்தொண்ணு. காமர்ஸ்தாம்மா கெடைக்கும்."

"காமர்ஸே குடுங்க சார். அதோ, அந்தப் பொண்ணையும் இவகூட அதே கிளாஸ்ல போடுங்க." அம்மா கை காட்டியது மணி பார்க்கிறவளை.

அவர் சிரித்துவிட்டார். "அது ஃபர்ஸ்ட் குரூப்மா. கணக்குல தொண்ணூத்தஞ்சு வாங்கின பொண்ணு."

"தெரியும் சார். நூறு வாங்க வேண்டிய பொண்ணு."

"அப்புறம் எதுக்கு அத காமர்ஸ்ல போடச் சொல்றீங்க?"

அம்மா திரும்பி வரிசையைப் பார்த்தாள். தெருக்காரர்களையும் பார்த்தாள். பித்த மயக்கம் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்து நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

"எம்பொண்ணுக்கு வலிப்பு வரும் சார்" என்றாள். மெதுவாகச் சொல்லவில்லை, வராந்தா கடைசிவரை கேட்டது. "வந்தா இன்னா பண்ணணும்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியும். எனக்கே தெரியாது, அவளுக்குத் தெரியும்."

தலைமை ஆசிரியர் பேனாவைக் கீழே வைத்தார். "அந்தப் பொண்ண மாத்த முடியாதும்மா. அது டாக்டருக்குப் படிக்கிற புள்ள" என்று தணிந்த குரலில் சொன்னார். அவர் சொன்னது நியாயம், அம்மாவுக்கும் அது புரிந்தது. பிறகு அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையைப் பார்த்துத் திரும்பினாள்.

"காமர்ஸ்ல சேர்றவங்க யாரு யாரும்மா? கையத் தூக்குங்க."

பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டு கையைத் தூக்கினார்கள்.

"உங்கள்ல வாட்ச் கட்டிக்கினு வர்றது யாரு?"

வரிசையின் நடுவில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண், எதற்குக் கேட்கிறார்கள் என்று புரியாமலே, தூக்கியிருந்த வலது கையை இறக்கிவிட்டு வாட்ச் கட்டியிருந்த இடது கையைத் தூக்கினாள்.